களவெடுத்தால்தான் பிடிக்கும்

கடலோர வெள்ளவத்தையில் குளிர்மலைக் கூஸ்பெரி காய்க்காது என்று அந்த அடுக்குமாடிப் பிளட்டில் இருந்த அத்தனை பேரும் சுபோதினிக்குச் சொல்லிப் பார்த்தார்கள். சொன்னவர்களில் ஒருவராவது வாழ்க்கையில் ஒரு வெந்தயத்தை முளைக்கவைத்தவர் இல்லை. அவள் நுவரெலியாவில் வாங்கிய பழத்தைப் பிசைந்து, சதை போகக் கழுவி, விதையை நிழலில் உலர்த்தித் தயிர்க் கோப்பைகளில் தூவினாள். முளைத்த கன்றுகள் மொட்டைமாடிக்குப் போய், வெக்கையிலும் உப்புக்காற்றிலும் கருகின. மறுபடியும் விதைத்தாள். கடைசியில் ஒரேயொரு செடி பூவைக் கொட்டாமல் பிடித்துக்கொண்டு, பச்சைக் கடதாசிப் பை போன்ற உறைகளைத் தொங்கவிட்டது. இந்த ஊர் ஒத்துக்கொண்ட செடி அது ஒன்றுதான். காய் பழுத்து விதை எடுக்கும்வரை, அல்லது நல்ல கொப்பாகப் பார்த்துத் தடி வெட்டி நட்டு வைக்கும்வரை அது உயிரோடு நின்றால் போதும்.

அதற்குள் அவள் அச்சுவேலியில் ஒரு கலியாணத்துக்குப் போகவேண்டி வந்தது. திரும்பி வந்தபோது சட்டியில் ஒரு மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. அதுவும் அடியோடு கிழிந்திருந்தது. இரண்டு நாளில் காய்ந்துபோனது.

பழுத்ததும் எல்லோருக்கும் தடி தருகிறேன் என்று அவள் லிப்டில் வைத்தே சொல்லியிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கேட்டு வாங்கின தடி வேர் பிடிக்காதாம், களவெடுத்து நட்டால்தான் பிடிக்குமாம். பொறியியலாளரும் கணக்காளரும் குடியிருக்கிற கட்டிடத்தின் விஞ்ஞானம் இது. அந்த விஞ்ஞானிகள் பூவும் பிஞ்சும் நிற்கிற கொப்புகளாகப் பார்த்து முறித்துக்கொண்டு போயிருந்தார்கள். பூத்த கொப்பு பூவைப் பார்க்குமா, வேரைப் பார்க்குமா?

அடுத்த கிழமை ஒவ்வொருவராக அவளிடமே யோசனை கேட்டு வந்தார்கள். இரண்டாம் மாடி ஹம்சிகா, பொதுவாகத் தடி ஏன் வாடுகிறது என்று அறிவுக்காகக் கேட்டாள். வேர் வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்ததையும் அதே மூச்சில் சொன்னாள். இன்னொருத்தி நடு வெயிலில் வைத்து, சாணி கரைத்து ஊற்றியிருந்தாள். என்ன செடி என்று மட்டும் எவருக்கும் வாயில் வரவில்லை. சுபோதினிக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எல்லாம் செத்தது என்று கேட்கக் கேட்க வயிறும் எரிந்தது.

பிளட் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா ஐந்தாம் மாடியில் இருந்தார். வாசலில் கிடக்கும் அடுத்தவர் செருப்பைத் தொடக்கூடாது என்று லிப்டில் நோட்டீஸ் ஒட்டிய மனிதர். சந்தாவைப் பற்றிக் கதைக்க அவரிடம் போனவள், பல்கனியில் ஏசிப் பெட்டியின் நிழலில் ஒரு கூஸ்பெரிக் கன்று புதுத் துளிர் விட்டு நிற்பதைக் கண்டாள். குருட்டு வாக்கில் பூவில்லாத கொப்பு அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. நட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறார். மறந்ததால் பிழைத்திருக்கிறது.

அவருக்குக் கூச்சமே இல்லை. உம்முடைய செடியின் பிள்ளைதான் என்று பெருமையாகச் சொன்னார். எல்லோருடையதும் செத்துப்போக, தன்னுடைய கைராசியால் இது மட்டும் நின்றதாம். தாய்ச் செடி செத்துவிட்டது, ஒரு தடி வேண்டும் என்று சுபோதினி கேட்டாள்.

ஸ்ரீஸ்கந்தராசா பெரிய மனதோடு சிரித்தார்.

"கேட்டு வாங்கினா பிடிக்காது, பிள்ளை. நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன். நீர் களவா எடுத்துக்கொண்டு போம்."

சொன்னபடியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். கீழே கரையோர ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது.

சுபோதினி ஒரு கணம் அவருடைய முதுகைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தடியை அல்ல, சட்டியையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கதவடியில் அவருடைய மனைவி அதைக் கண்டு வாயைத் திறந்தாள்.

"அண்ணைதான் எடுக்கச் சொன்னவர்," என்றாள் சுபோதினி.

அவள் மூன்றாம் மாடியில் தன் வீட்டுக்கு இறங்கும் வரைக்கும், கள்ளிக்கு நேரம் கொடுப்பதுதான் முறை என்று, தலைவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.