உளுத்தம்பருப்பு டப்பாவுக்குள் மங்கு மாத்திரை

...எப்படிக் குறையும், ஒரு நாளைக்கு ஒண்ணுதானே போடறோம் என்று மாத்திரை டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள் அனு, போன வாரம் பிரித்தது, அதற்குள் அடியில் கொஞ்சம்தான் கிலுகிலுக்கிறது... திண்டிவனம் பஸ் செஞ்சியைத் தாண்டிவிட்டது, கோட்டை மலை பின்னால் போய்விட்டது, தோல் டாக்டரம்மா "உள்ளுக்கு எது சாப்பிட்டாலும் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார், கேட்காமல் கடையில் வாங்கிய இதைக் கண்டால் திட்டுவாரோ, திட்டட்டும், சின்னவள் வயிற்றில் இருந்தபோது கன்னத்தில் கருந்திட்டாக விழுந்த மங்கு, சின்னவள் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள், மங்கு போகவில்லையே... ஹார்மோனாம், அதோடு வெயிலும் சேர்ந்துக்குமாம், கடலைமாவு, பப்பாளி எல்லாம் தடவியாச்சு... அன்றைக்கு இவள் பாடம் எடுக்கிற ஒண்ணாம் கிளாஸ் வாலு ஒருத்தி, "மிஸ், மூஞ்சில பென்சில் கிறுக்கியிருக்குது, குனிங்க" என்று ரப்பரால் தேய்த்தாள், இவளும் ஒழுங்காகக் குனிந்து கன்னத்தைக் காட்டினாள்... நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பக்கத்து சீட்டு அம்மா லேசாக நகர்ந்து உட்கார்ந்தார்.

போன் அடித்தது, புருஷன் தேவேந்திரன், மாடி மாடியாக ஏறி சோலார் தகடு மாட்டுகிறவன். "அந்த மாத்திரைய எடுத்துட்டுப் போயிட்டியா?" என்றான். எந்த மாத்திரை, உளுத்தம்பருப்புக்குள் புதைத்து வைத்தது இவனுக்கு எப்படி... "இன்னா பண்றது, நாள் பூரா வெயில், நெத்தி கருகருன்னு ஆயிடுச்சு, உளுத்தம்பருப்பு எடுக்கறப்ப கையில தட்டுச்சு, டப்பா மேல மங்குக்குன்னு போட்டிருந்துச்சு, எனக்குத்தான் வாங்கியாந்து சொல்ல வெக்கப்படறேன்னு நெனைச்சேன், ரெண்டு ரெண்டா போட்டுட்டேன்." "அய்யோ, பொம்பளைங்களுக்குன்னு கீழ போட்டிருக்குதே, படிக்கலயா?" அவன் குரல் இறங்கியது. "இன்னா ஆவும்?" "மீசை கொட்டிடும்" என்றாள், பாவம், நிஜமாகவே பயந்துவிட்டான், "சும்மா சொன்னேங்க, டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வரேன், அதுவரைக்கும் தொடாதீங்க." அவனுக்கு மூச்சு வந்தது. "சரி, உனக்கெதுக்கு அது? உனக்கு எங்க இருக்குது மங்கு?"

விளையாடுகிறானா... இல்லை, குரலில் விளையாட்டு இல்லை. இத்தனை வருஷமாக இவன் கண்ணில் படக்கூடாதென்று பவுடர் பூசி, போட்டோவில் அந்தப் பக்கம் திரும்பி நின்று... இவன் பார்க்கவே இல்லையா, இல்லை, பார்த்தும் தெரியவில்லையா, இதற்கு சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா? வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்... ஆமாம், இவனுக்கு நெற்றி கருத்தது எப்போது? பஸ் குலுங்கியது, அனு கண்ணை மூடி அவன் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள், மீசை வந்தது, சிரிப்பு வந்தது, நெற்றி மட்டும்... எவ்வளவு யோசித்தும், அது என்ன நிறம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.