இராசநாயகம் அடைத்த எட்டு ஓட்டைகள்

தாம்போதியின் நடுவில் வைத்துத்தான் வான் வண்டியின் தரை கீழே இறங்கியது. புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் றோட்டு அது, இரண்டு பக்கமும் கடல். பின்னால் சில்லுக் கதிரையில் இருந்த ஜெனீற்றா, "அப்பா, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள்.

இராசநாயகம் இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். கதிரையின் இடப்பக்கச் சில்லு தகரத்தைக் கிழித்துக்கொண்டு அச்சு வரை கீழே போயிருந்தது. ஓட்டைக்குள்ளால் தார் றோட்டுத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே நடக்க வழங்காத மகளின் கால், அந்தக் கிழிசலின் விளிம்பில் கிடந்தது. பயப்படாதேயுங்கள் பிள்ளைகளே, அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் காயப்பட்டது வேறு ஆள்.

அந்த வான் அவளுக்கென்றே செய்வித்தது. வீடு ஊர்காவற்றுறையில். ஜெனீற்றா கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் இறுப்பிட்டியில். பஸ்ஸில் அவளுக்கு ஏற முடியாது. பழைய வான் ஒன்றை எடுத்து, பின் இருக்கைகளைக் கழற்றி, தரையை வெட்டித் தாழ்த்தி, கதிரையோடு அப்படியே உருண்டு ஏறச் சாய்வுப் பலகையும் வைத்துத் தரும்படி வேலணையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் வசீகரனிடம் கொடுத்தார்கள். அவன் செய்து கொடுத்து எட்டு மாதம்தான். தகப்பன் ஓட்டுவார், மகள் பின்னால் இருந்து கொப்பி திருத்துவாள். வான் ஓடினால் அவளுக்கு வேலை. வான் நின்றால் அவள் வீட்டில். எத்தனை நாளைக்கென்று லீவு கேட்பது?

அடுத்த நாள் விடிய மீன் சந்தையில் வசீகரன் கறிக்கு மீன் பார்த்துக்கொண்டு நின்றான். இராசநாயகம் கண்டுவிட்டார்.

"வாரும் இஞ்சினியர்! நீ இரும்பு ஒட்டுறனியோ, கேக்குக்கு ஐசிங் பூசுறனியோ? பட்டியைப் பூசி மினுக்கித் தந்திட்டாய். என்ர பிள்ளை நேற்று றோட்டிலை அரைபட்டுப் போயிருப்பாள்!"

வசீகரனின் முகம் கறுத்துப் போயிற்று. "அண்ணை, வானைக் கொண்டு வாங்கோ. நான் பாக்கிறன்."

"உன்னட்டையோ? இனி என்ர வீட்டுச் சட்டிக்குக் கைபிடி வைக்கவும் உன்னட்டை வரமாட்டன்."

சனம் சிரித்தது. மீன் கூறு வைத்து விற்றுக்கொண்டிருந்த மேரிசுகந்திக்கு வாய் சும்மா இராது. "இனி உவர் பட்டி வசீகரன்" என்றாள். வெடிப்பை மறைக்கப் பூசுகிற பட்டி. மத்தியானத்துக்கு முன்னமே அந்தப் பெயர் தீவு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. வசீகரனின் கடை வாசலில் ஒட்டு வேலைக்கு நின்ற இரண்டு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டிகளையும் சொந்தக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

வானைப் பக்கத்து ஊரான சரவணையில் அப்புத்துரையின் கராச்சுக்கு இழுத்துப் போனார்கள். அப்புத்துரை இராசநாயகத்தின் வயதுக்காரர். நிதானமானவர், வாயைவிடக் கை முந்திப் பேசும். ஜாக்கில் தூக்கி, தரைத் தகரத்தின் பெயின்றைச் சுரண்டிப் பார்த்தார்.

"நாலு விரலுக்கு ஒரு பொட்டு வைச்சிருக்கிறான். தொடர்ந்து ஒட்டேல்லை. மேலாலை பட்டி."

"நான் சொன்னனான்தானே!" இராசநாயகத்துக்குச் சந்தோசம்கூட வந்தது.

"பொறும்." அப்புத்துரை கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற பெட்டிச் சட்டத்தில் வெட்டு மெசினை வைத்தார். தகரம் பிளந்ததும் குபீரென்று தண்ணீர் அவர் காலில் ஊற்றியது. துருக் கலங்கிய தண்ணீர், நாட்பட்ட மீன் கழுவின தண்ணீர் போல. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு." பிறகு டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எட்டு ஓட்டை இருக்கோணும். கதவாலை, சில்லாலை எண்டு தண்ணி எப்பிடியும் உள்ளை வரும். அது வடிஞ்சு போகத்தான் கீழை ஓட்டை விட்டிருக்கு. எட்டையும் ஆரோ பைபர் துணி வைச்சு, றெசின் ஊத்தி அடைச்சிருக்கு. வடிவான வேலை ஐசே, சொட்டுத் தண்ணி போகாது. உதுவும் வசீகரன்ர வேலையோ?"

இராசநாயகம் பழைய கடற்காரர். பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவதில் அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். வாடைக்காற்று தொடங்கிய முதல் கிழமை, தாம்போதியில் அலை அடித்து வான் முழுக்க நனைந்தது. அன்றைக்குக் கீழே குனிந்து பார்த்தவர் அடியில் ஓட்டைகளைக் கண்டார். அடியில் ஓட்டையுள்ள ஒன்றில் மகளை ஏற்றிக் கடல் கடக்கிறேனே என்று அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஒரு பின்னேரம் முழுக்க மல்லாந்து கிடந்து, ஒவ்வொன்றாக அடைத்தவர் அவரேதான். கடற்காரனுக்கு அடி ஓட்டை என்றால் வேறு நினைப்பு வராது.

"தெரியாது" என்றார்.

அப்புத்துரை அவருடைய நகங்களைப் பார்த்தார். றெசின் பிடித்து மஞ்சளித்த நகங்கள். இராசநாயகம் கையைச் சாறத்துக்குள் மறைத்தார்.

"வசீகரன்ர வேலை நல்லதெண்டு சொல்லமாட்டன்" என்றார் அப்புத்துரை. "எண்டாலும் நாலைஞ்சு வருசம் தாங்கியிருக்கும். தரைத் தகரத்தைக் கரையாலை எட்டு மாசத்திலை திண்டது, சட்டத்துக்கை நிண்ட இந்தத் தண்ணி."

வீட்டுக்கு வந்தபோது ஜெனீற்றா முன் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் அப்பா?"

"ஒட்டுப் பிழையாம்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

அவள் பேனையை வைத்தாள். "வசீகரன் அண்ணை வந்தவர். கேற்றுக்குள்ளை வரேல்லை. வெளியிலை நிண்டே, தன்ர பிழைதான், நல்ல தகரம் கொண்டுபோய்ச் சரவணையிலையே திருப்பி ஒட்டித் தாறன், அப்பாவிட்டைக் கேட்டுச் சொல்லும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டனான். வரேல்லை."

இராசநாயகம் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தார். சுவாமி வெளியில் சொல்லமாட்டார். ஆனால் தான் வசீகரனை ஏசியது கோயிலுக்குள் வைத்தா? திரும்பி வந்து மகளுக்கு முன்னால் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, அடி ஓட்டையளை அடைச்சது நான்."

"தெரியும் அப்பா. ஒரு கிழமையாய் வானுக்கை றெசின் மணத்தது. வானுக்கு அது கூடாதெண்டு எனக்குந்தான் தெரியாது. ஆனா இண்டைக்கு நீங்கள் வந்த முகத்தைப் பாக்க விளங்கியிட்டுது. நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டுதான் கேட்டனான்."

அவள் கோபித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மற்ற நாள் விடிய அவர் சந்தைக்குப் போனார். மேரிசுகந்தியின் கூறுக்குப் பக்கத்தில், அன்று வசீகரன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார்.

"எல்லாரும் கேளுங்கோ. வானைப் பழுதாக்கினது வசீகரன் இல்லை. நான். வள்ளமெண்டு நினைச்சு, தண்ணி வடியிற ஓட்டையளை றெசின் ஊத்தி அடைச்சுப்போட்டன். அது உள்ளாலை உக்கிப்போச்சு. நான் அவனைப் பேசினது பிழை."

மேரிசுகந்தி கையிலிருந்த மீனைக் கூறில் வைத்தாள். பிறகு, "அப்ப வானுக்கு நங்கூரமும் வைச்சிருக்கிறியளோ அண்ணை?" என்றாள். சந்தையே சிரிப்பில் அதிர்ந்தது. "பாயும் கட்டுங்கோ, எண்ணெய் மிச்சம்!" என்றது இன்னொரு குரல். இராசநாயகத்தின் காது சுட்டது. போய்விடலாம் என்று கால் சொன்னது. சிரிப்பு முடியும் வரைக்கும் நின்றார்.

அங்கிருந்து வசீகரனின் கடைக்குப் போய், வரச்சொல்லிக் கேட்டார். அவன் புதுத் தகரத்தைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான். சரவணையில் இரண்டு நாள், அப்புத்துரை பக்கத்தில் நிற்க, உக்கின தரை முழுவதையும் வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து, இடைவெளியில்லாமல் ஒட்டினான். பட்டி பூசவில்லை. ஒட்டின கோடு, தையல் போட்டதுபோல் அப்படியே வெளியில் தெரிந்தது.

இரண்டாம் நாள்தான் வாய் திறந்தான். "சந்தையிலை சொன்னீங்களாம்."

"ஓம் தம்பி."

"அந்தப் பேர் இனிப் போகாது அண்ணை." கோபமாகச் சொல்லவில்லை. "நேற்றுச் சின்னப் பெடியள்கூடக் கூப்பிட்டதுகள். பிழை என்னிலையும் இருந்ததுதான். எண்டாலும் போகாது."

இராசநாயகம் அடுத்த தகரத்தை எடுத்து அவனுக்குப் பிடித்துக் கொடுத்தார். ஒட்டின பெயரைக் கழற்ற, பிள்ளைகளே, எனக்கும் வழி தெரியாது.

கடைசியாக ஓட்டைகள். அப்புத்துரை துளைபோடும் மெசினை இராசநாயகத்திடம் நீட்டினார். "நீர் அடைச்சதை நீரே திறவும்."

அவர் வானுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். நாற்பது வருடம் ஓட்டை அடைத்த கை, ஓட்டை போட முதலில் மறுத்தது. முதலாவது போட்டார். இரண்டாவது. எட்டாவது முடிய, அப்புத்துரை மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். எட்டு இடத்தாலும் தண்ணீர் நூலாக இறங்கியது. ஒன்று அவருடைய நெற்றிக்கு நேரே விழுந்தது. அவர் அறியாமலே உள்ளங்கை போய் அந்த ஓட்டையை இறுக்கிப் பொத்திக்கொண்டது.

பக்கத்தில் குந்தியிருந்த வசீகரன் குனிந்து பார்த்தான். முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணை," என்றான், "கையை எடுங்கோ."