ஞானமுத்து தாத்தாவின் கோட்டு

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

என் மகன் ரெனால்டும் செம்பூர்ப் பெண் ரெபேக்காவும் ஒரே ஆபீஸ். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். எனக்கும் அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போனது. பெண்ணின் அப்பா ஆசீர்வாதம், போனில் பேசிய முதல் நாளே தன் தாத்தா ரயில்வேயில் ஹெட் கிளார்க் என்றார். நான் சும்மா இருப்பேனா?

"எங்க வீட்டுக்காரரோட தாத்தா தோல் கம்பெனியில மேனேஜருல்லா!" என்று அவிழ்த்துவிட்டேன். பக்கத்திலிருந்த என் கணவர் தனசீலன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞானமுத்து தாத்தா தாராவியில் தோல் பதனிடும் கூடத்தில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று தோல் அலசியவர். ஆனால் வீட்டிலிருக்கும் அவர் படத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கறுப்புக் கோட்டு, சங்கிலிக் கடிகாரம், கையில் தடிப் புத்தகம். அந்தக் காலத்தில் போட்டோக்காரர் வீட்டுக்கே வந்து, சுவரில் திரை கட்டி எடுத்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து பெண் வீட்டார் வருகிறார்கள் என்றதும், அதை வாசலுக்கு நேரே மாட்டினேன்.

ஆசீர்வாதம் ரெபேக்காவோடு வந்தார், டீ குடித்தார், எழுந்து படத்தின் முன் போனார். நின்றவர் நின்றவர்தான்.

"ஏம்மா, இந்தக் கோட்டு ஆருக்குள்ளது?"

"தாத்தாவுக்குள்ளதுதான். வேற ஆரு கோட்ட அவுக போடப் போறாவ?"

அவர் தன் போனை நீட்டினார். அதில் அவருடைய தாத்தா. அதே கோட்டு. கறுப்புப் பொத்தான்களுக்கு நடுவே மூன்றாவது மட்டும் வெள்ளை. எங்கள் படத்திலும் மூன்றாவது வெள்ளை. அதே கடிகாரம், அதே புத்தகம்.

அப்போதாவது அடங்கினேனா? "எங்க தாத்தா ரொம்ப எளகின மனசு. உங்க தாத்தாவுக்கு ஒரு நாளைக்கு இரவல் குடுத்திருப்பாவ" என்றேன்.

சொன்ன வாயை அங்கேயே தைக்க வேண்டும். ஆசீர்வாதம் முகம் கறுத்துவிட்டது. ரெபேக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ரெனால்ட் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை, பாவமாகப் பார்த்தான். ஐயோ, என் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே!

படத்தை இறக்கினேன். பின்பலகையைக் கழற்றி, அடிப்பக்கத்தை மறைத்திருந்த அட்டையை உருவினேன். கல்யாணமாகி வந்த புதிதில் நானே பிரேம் கடையில் சொல்லி வைத்த அட்டை அது. கோட்டுக்குக் கீழே மடித்துக் கட்டிய வேட்டி. வேட்டிக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு கால். முழங்கால் வரை சுண்ணாம்பு தின்று வெளுத்த கால்.

"மேனேஜரு இல்ல அண்ணாச்சி. தொட்டியில நின்ன மனுசன். கோட்டு போட்டோக்காரனுக்குள்ளது. வீடு வீடா பெட்டியில தூக்கிட்டு வந்திருக்கான். நான் சொன்னது பூரா பொய்யி. என் பிள்ள பொய் சொல்ல மாட்டான், அவனத் தள்ளிராதிய."

ஆசீர்வாதம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுப் படத்துலயும் இடுப்புக்குக் கீழ அட்டதான், தங்கச்சி" என்றார் மெதுவாக. "எங்க தாத்தா குர்லா ஸ்டேஷன்ல மூட்ட தூக்குனவரு."

தனசீலன்தான் முதலில் சிரித்தார். பிறகு யார் சிரிப்பு, யார் அழுகை என்று தெரியவில்லை. தங்கச்சி என்று அவர் கூப்பிட்டது எனக்குப் போதும்.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் மகேஷ்குமார் இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தினார். கூட்டம் அதிகம், இடுப்பு வரைக்கும் எடுத்தால்தான் முகம் பெரிதாக விழும் என்றார். என் காஞ்சிபுரம் பட்டின் முந்தியும் சங்கிலியும் இடுப்புக்கு மேலேதான் இருந்தன. ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

"பின்னால போய் நின்னு எடுங்க" என்றேன். "எல்லாருக்கும் கால் தெரியணும்."