திட்டாத டாக்டர்

1

இந்தக் கதை என் மனைவியின் பயிற்சி வகுப்பில் பிறந்தது. அவள் டாக்டர். மிதமிஞ்சிக் குடிக்கும் நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. கழுத்தில் அட்டை, குளிர்ந்த அறை, இலவசச் சாப்பாடு. சாரம்: திட்டாதே, கேள். [கிண்டலை நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்தினால் கதை நின்றுவிடும்.]

2

'மது என்னும் அரக்கனின் கோரப்பிடியில்—'

வேண்டாம். அரக்கனுக்கே கொட்டாவி வரும்.

கதாநாயகன் என் மைத்துனன், பள்ளி வேன் டிரைவர். அக்காவின் திட்டையே சைடு டிஷ்ஷாக வைத்துக் குடிப்பவன். இப்படியொருவனை யார் நம்புவார்கள் என்று அவனைக் கதையிலிருந்து இருமுறை அடித்துப் பார்த்தேன். ஞாயிறு மாலை நேரிலேயே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

3

"உன் குடியப் பத்திப் பேசலாமாடா? உனக்குச் சம்மதம்னா மட்டும்."

அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, ஸ்கேன்ல என்ன வந்துச்சு?"

"நீ ஸ்கேனே எடுக்கலையே."

"அப்புறம் ஏன் திட்ட மாட்டேங்கிற? மாமா, நீங்களாவது சொல்லுங்க, எத்தனை நாள் தாங்குவேன்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள்.*

அவன் கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான்.

"காலைல கை நடுங்குதுக்கா. கொஞ்சம் ஊத்திக்கிட்டாதான் வண்டியே எடுக்க முடியுது."

அந்த வண்டியில் பிள்ளைகள். என் சிரிப்பு அப்போது—

"இன்னையோட விட்டுடறேன்கா."

"பட்டுனு நிறுத்தாத, அதுவும் ஆபத்து. காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வா, மருந்து குடுத்து நிறுத்தலாம். வேன் சாவிய மட்டும் இப்பவே குடு."

"வேலை போயிடும்கா."

"போனாலும் போகலாம்டா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

(* காத்திருப்பதற்கென்றே வகுப்பில் ஒரு மணி நேரமாம்.)

4

முடிவு அ: சாவியை நீட்டிக் கதறுகிறான். அரசு விளம்பரம்.

முடிவு ஆ: கதவை அறைந்துவிட்டுப் போகிறான். இலக்கியம்.

நடந்தது: சாவியை மேஜைமேல் வைத்தான், கையை எடுக்கவில்லை.

"நாளைக்குப் பிள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போவா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவன் கையை எடுத்தான்.

5

திங்கள் காலை, என் காரில் மூன்றாவது நடை. [இதை மனசுக்குள்தான் எழுதுகிறேன்.] நான் கிளம்பும்போது மனைவி வாசலில் அவனுக்காக நின்றிருந்தாள்.

"வேன் அங்கிள் எங்கே?" என்கிறாள் பின்சீட்டுக்காரி.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார்."

போயிருக்க வேண்டும். போன் அடிக்கிறது, மனைவிதான். வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் எடுக்க மாட்டேன். அவன் வந்தானா இல்லையா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.