தாமாகவே நின்றுவிட்டவர்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு மனிதனைக்கூட யாரும் வேலையை விட்டு நீக்கியதில்லை. வாளிக் கம்பெனியின் வக்கீல் இதை மனதார நம்பினார். முதலாளி எதற்காக ஒருவரை நீக்கப்போகிறார்? பிளாஸ்டிக் உருகுகிறது, வாளி பிறக்கிறது, லாரி ஏறிப் போகிறது. எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும்போது தொழிலாளிகள்தான் ஒருநாள் காலையில் எழுந்து, மூன்று வேளை சாப்பிட்டது அலுத்துப்போய், தாமாகவே நின்றுவிடுகிறார்கள்.

"மனுதாரர் தாமாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்." அவர் இதுவரை தாக்கல் செய்த பதிலுரைகளில் முக்கால்வாசி இந்த வாக்கியம்தான். மீதி, முகவரி. தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவில் அவருக்கு ‘நின்னுட்டார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. "நின்னுட்டார் வந்துட்டாரா?" "வந்துட்டார், கேன்டீன்ல உட்கார்ந்திருக்கார்." காதில் விழும், கோபப்பட மாட்டார். ஒரே வாக்கியத்தை வைத்து மாடி வீடு கட்டிய மனிதருக்குக் கோபம் எங்கிருந்து வரும்? கெட்டவரும் இல்லை. சர்க்கரை டப்பாவில் எறும்பு இருந்தால் ஊதித்தான் விடுவார்.

அந்த வாக்கியத்துக்கு ஒரே ஓர் எதிரி உண்டு. அது கம்பெனி வாசல். தன்னை நீக்கிவிட்டதாகச் சொல்லும் ஆள் மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்பார். வந்து நிற்கிறவர் எப்படி விட்டுப் போனவர் ஆவார் என்று எதிர்த்தரப்பில் மடக்குவார்கள். அதற்கும் வக்கீல் பதில் வைத்திருந்தார்.

"வாசல்ல நிக்கிறது சாட்சியம் இல்ல, உடற்பயிற்சி" என்பார் ஜூனியரிடம். ஜூனியர் வேறு யாருமில்லை, அவருடைய அக்கா மகள். "தன்மானம்னு ஒண்ணு இருந்தா, வேண்டாம்னு சொன்ன இடத்துல எதுக்கும்மா போய் நிக்கணும்?"

"வேண்டாம்னு யாரும் சொல்லவே இல்லைன்னுதானே மாமா நாம எழுதியிருக்கோம்?"

"நீ ஃபைலை எடு."

கடைசியாக அவர் வாதாடியது கைப்பிடி அக்கா வழக்கு. வாளிக்குக் கைப்பிடி மாட்டும் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்தவர். முட்டி வலிக்கிறது, உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று கேட்டார். "வீட்ல போய் நல்லா உட்காருங்க" என்றார் சூப்பர்வைசர். மறுநாள் கேட் திறக்கவில்லை.

கூண்டில் ஏறிய அக்காவை வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்களை நீக்கினது எந்தத் தேதிம்மா?"

"தேதியெல்லாம் சொல்லல சார். உட்காரச் சொன்னாங்க."

"எழுத்துல ஏதாவது கொடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப யாரும் நீக்கல. நீங்களா நின்னுட்டீங்க."

"ஆமா சார், நின்னேன். தினமும் கேட்டு முன்னாடிதான் நின்னேன்."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதி குனிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நின்னதைப் பார்த்த சாட்சி யாராவது உண்டா?"

"நீங்கதான் சார். உங்க கார் உள்ள போறப்ப நான்தானே ஒதுங்கி வழி விட்டேன்."

யாரையும் நீக்கியதே இல்லை என்று காலமெல்லாம் வாதாடிய மனிதர், அந்தப் பதிலை மட்டும் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார்.

அடுத்து கம்பெனி தரப்பில் வாட்ச்மேனை ஏற்றினார். முந்தின நாளே வக்கீல் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தார். "கேட்டுக்கு உள்ள நடக்கிறதுதான் உங்க டியூட்டி. வெளிய யார் நின்னாலும் உங்க கண்ணுல படாது. புரிஞ்சுதா?" வாட்ச்மேன் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். தீர்ப்பு பிறகு சொல்லப்படும் என்று ஒத்திவைத்தார்கள்.

இதற்கிடையில் பெரிய முதலாளி ஓய்வுக்குப் போய், மகன் நாற்காலிக்கு வந்தான். முதல் சந்திப்பிலேயே வக்கீலை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு, கதவுவரை வந்து வழியனுப்பினான். முதலாளிகள் கதவுவரை வந்தால் உஷாராக வேண்டும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாததால் வக்கீல் உஷாராகவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து புது ஃபைல் எதுவும் வரவில்லை. போன் செய்தால் "சார் மீட்டிங்ல இருக்காங்க." மறுபடி செய்தால் "இப்பதான் வெளிய கிளம்பினாங்க." கண்ணாடிக் கதவு போட்ட ஏதோ பெரிய ஆபீசில் புது வழக்குகளைக் கொடுத்திருப்பதாக வராந்தாவில் பேச்சு. வேறு கட்சிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள வக்கீலுக்குப் பெரிதாக யாரும் இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட ‘வாளிக் கம்பெனி வக்கீல் வீடு எது?’ என்று கேட்டுத்தான் வருவார்கள். கம்பெனி போய்விட்டால் மிச்சம் ஒரு கறுப்புக் கோட்டும் அதற்குள் ஓர் ஆளும்தான்.

"உங்களை நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி, தட்டில் சோறு போட்டுக்கொண்டே.

"யாரும் நிறுத்தல."

"அப்ப நீங்களா நின்னுட்டீங்களா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார்.

எந்தத் தேதியில் நடந்தது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எழுத்தில்? ஒரு வரி கிடையாது. இந்தக் கேள்விகளை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறார்! பதில் தெரியாமல் அவர்கள் விழித்தபோதெல்லாம், பொய் சொல்ல வந்தவர்களுக்கு ஒரு தேதியைக்கூட ஒழுங்காக மனப்பாடம் செய்யத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டிருக்கிறார். இப்போது பார்த்தால் சங்கதி வேறு மாதிரி இருந்தது. போ என்று யாரும் சொல்வதில்லை. வா என்று சொல்வதை நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு எந்தக் காலண்டரில் தேதி தேடுவது?

"நேரா கேட்டுடுங்களேன் மாமா" என்றாள் ஜூனியர்.

"கேட்டா பதில் சொல்லிடுவாங்களே."

இன்னொரு சிக்கலும் இருந்தது, அது அவரே கட்டி எழுப்பியது. வராதவர் விட்டுப் போனவர் என்று ஊருக்கெல்லாம் நிரூபித்திருக்கிறார். அவரும்தான் கம்பெனிப் பக்கம் போகவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால், அங்கிள் தானாகவே வருவதை விட்டுவிட்டார் என்று பையன் வாய் கூசாமல் சொல்வான். சட்டப்படி அது சரியாகவும் இருக்கும். நின்றுவிட்டவர் ஆகாமலிருக்க ஒரே வழி, போய் நிற்பதுதான்.

மறுநாள் காலை, கம்பெனி வாசலில் அவருடைய கார் ஹாரன் அடித்தது. கேட் திறக்கவில்லை. வாட்ச்மேன் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து குனிந்தார்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா சார்?"

"எனக்கா?"

"உங்க பேரை உள்ளேர்ந்து சொல்லல சார். அவங்க சொல்லாம உள்ள விட்டா என் வேலை போயிடும்."

வக்கீல் காரைத் தெருமுனையில் ஓரம் கட்டிவிட்டு நடந்து வந்தார். "சரி, விட வேண்டாம். நான் வந்து நின்னேன், அதை நீங்க பார்த்தீங்க. யாராவது கேட்டா அதை மட்டும் சொல்லிடுங்க."

வாட்ச்மேன் சங்கடமாகத் தொப்பியைச் சரிசெய்தார். "சார், நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? கேட்டுக்கு வெளிய யார் நின்னாலும் என் கண்ணுல படாது."

"யோவ், அது கோர்ட்டுக்குச் சொன்னது."

"எனக்கு நல்லா மனசுல பதிஞ்சிடுச்சு சார்" என்று சொல்லி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

மதில் நிழலில் கைப்பிடி அக்கா ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார். வக்கீல் மனதுக்குள் அக்காவின் நக்கலுக்குத் தயாரானார். அக்காவின் இடத்தில் தாம் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்.

"உள்ள விடலையா சார்?"

"சேச்சே. சும்மா, ஒரு டிஸ்கஷன். கூப்பிடுவாங்க."

"என்னையும் கூப்பிடுவாங்கன்னுதான் நிக்கிறேன்" என்றார் அக்கா. குரலில் நக்கல் இல்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மதிலோரமாக நகர்ந்தார். "வெயில்ல நிக்காதீங்க. இப்படி வாங்க."

வக்கீல் தெருவை ஒருமுறை பார்த்தார். வராந்தா ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. கார் சாவி கையில்தான் இருந்தது. போய்விடலாம். போனால் விட்டுப் போனவர்.

சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நிழலுக்கு வந்தார். உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் ஏதோ ஒரு கார் உள்ளேயிருந்து கிளம்பும் ஓசை. வக்கீல் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கேட்டிலிருந்து வருகிறவருக்கு முகம் தெரிகிற மாதிரி, அரை அடி முன்னால் நகர்ந்து நின்றார்.