மூட்டைக்குக் காவல்

ராஜாக்கள் வாழ்ந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்கலாம் என்று லீவு போட்டுக் கிளம்பி வந்த குடும்பம் அது. வந்ததிலிருந்து பெரியம்மா பார்த்ததெல்லாம் வாசல்களைத்தான். யானை நுழைகிற வாசல், பல்லக்கு நுழைகிற வாசல், கதவு முழுக்க இரும்பு முள் அடித்த வாசல். ஒவ்வொரு வாசலுக்கு எதிரிலும் ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் அவள் இருந்தாள், அவளைச் சுற்றிப் பைகள் இருந்தன. பெரியம்மா என்பது கொழுந்தனின் பிள்ளைகள் கூப்பிடுவது. இந்தப் பயணத்தில் வேன் டிரைவர் வரைக்கும் எல்லோருக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அவளாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான். முதல் நாள் கோட்டையில் புதுச் செருப்பு காலைக் கடித்துவிட்டது. பைகளை உள்ளே விட முடியாது என்று காவலாளி கறாராகச் சொல்லிவிட்டார். சாமான் வைக்கிற அறையிலோ பாதிப் பெட்டிகளுக்குப் பூட்டே இல்லை. கொழுந்தனும் அவன் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்றாள் பெரியம்மா. சும்மா பேச்சுக்குச் சொன்னது. 'அதெப்படி, நீங்களும் வாங்க' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தாள். சொல்லவில்லை. "அக்கான்னா அக்காதான்" என்று ஓரகத்தி உருகிப்போய், தன் கைப்பையையும் அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் செருப்புக் கடி ஆறிவிட்டது. அதற்குள் அது அவள் வேலையாகிவிட்டிருந்தது. டிக்கெட் வாங்குகிற கொழுந்தன் அவளை விட்டுவிட்டே தலைகளை எண்ணினான். பிள்ளைகள் வேனை விட்டு இறங்கியதும் தொப்பி, பந்து, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் "இந்தாங்க பெரியம்மா" என்று நீட்டினார்கள். நல்ல பிள்ளைகள்தான். இருந்தாலும் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

அவள் கணவர், அதாவது பெரியப்பா, இந்த ஏற்பாடுகள் எதிலும் தலையிடுகிறவர் இல்லை. அவர் பலகை வாசிக்கிற மனிதர். வரலாறு எழுதிய பலகை ஒன்று கண்ணில் பட்டால் போதும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கிவிடுவார். வாசித்து முடித்ததும் அடுத்த பலகைக்கு நகர்வார். திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. கல்யாணமான புதிதில் கடைத்தெருவுக்குப் போனாலும் அப்படித்தான். அவர் முன்னால் பேசிக்கொண்டே போவார், அவள் பின்னால் 'ம்' கொட்டிக்கொண்டே போவாள்.

ஊரில் அவளுக்கு ஒரு கிளினிக்கில் வேலை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, "உக்காருங்க, கூப்பிடுவோம்" என்று சொல்லி உட்கார வைக்க வேண்டும். ஊரையே உட்கார வைத்தவளை இப்போது இவர்கள் உட்கார வைத்துவிட்டார்கள், கூப்பிடத்தான் ஆளில்லை. லீவு கேட்டபோது டாக்டரம்மா, "எல்லாத்தையும் நல்லாப் பார்த்துட்டு வந்து எங்களுக்குச் சொல்லணும்" என்று சிரித்தார். போய் என்ன சொல்வது? பெஞ்சு எல்லா ஊரிலும் பெஞ்சாகத்தான் இருக்கிறது என்றா?

இன்று கடைசி ஊர், கடைசி அரண்மனை. சாயங்காலம் மூடிவிடுவார்கள், அப்படியே ரயிலுக்குப் போக வேண்டும். இதையும் விட்டால் ஒரே ஒரு அரண்மனைக்குள்கூடக் கால் வைக்காமல் வீடு திரும்ப வேண்டியதுதான். இன்றைக்கு வாயைத் திறந்து கேட்டுவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். வேனை விட்டு இறங்கியதும் "இன்னிக்கு நானும்..." என்று ஆரம்பித்தாள். "பெரியம்மா, பிடிங்க!" என்று கொழுந்தனின் சின்ன மகன் பையை வீசினான். பிடித்தாள். பிடித்துவிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் வாசலைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. நாள் கணக்காக உட்கார்ந்தே இருக்கிற உடம்புக்கு அலுப்பு எங்கிருந்து வரும்? ஆனாலும் வந்தது. வெயில் பெஞ்சில் பாதி தூரம் ஏறிவிட்டது. பைகளை நிழலுக்குத் தள்ளினாள், பிறகு தானும் நகர்ந்தாள். முதலில் பைகளை நகர்த்தியிருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அப்போது பெரியப்பா மட்டும் தனியாக வெளியே வந்தார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே பெஞ்சை நோக்கி வந்தவர், அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீ எப்ப வெளியே வந்தே?"

"எங்கேருந்து?"

"உள்ளேருந்துதான். இப்பதானே உன்கிட்ட கேட்டேன், என் கண்ணாடி எந்தப் பையில இருக்குன்னு."

"நான் உள்ளேயே வரலைங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. எங்கேயுமே நான் வரல. முதல் நாள்லேருந்து இப்படித்தான், வாசல்ல ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நேத்து அந்த ஓவிய மண்டபத்துல ராணி கதையை உனக்காகத்தான் ரெண்டு தடவை வாசிச்சேன். என் பின்னாலதானே நின்னே?"

"யார் நின்னாங்களோ."

"வேன்ல கேட்டேனே, சிம்மாசனம் எப்படின்னு. 'ம்'னு சொன்னியே."

"நீங்க எதைக் கேட்டாலும் நான் 'ம்'னுதானே சொல்றேன்."

"பின்னாலேருந்து பதில் வரலதான்" என்றார் மெதுவாக. "ஆனா எனக்கு அது வித்தியாசமாவே தெரியல." பொய் சொல்லத் தெரியாத மனிதர். இந்த ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறந்துவிட்டுப் போயிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறலாம். இந்த மனிதர் மறக்கவில்லை. ஊர் ஊராக, பின்னால் இல்லாத அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவள் இருப்பதும் இல்லாததும் அவருக்கு ஒன்றாகவே இருந்திருக்கிறது. அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

"சரி, எழுந்திரு. முதல்லேருந்து எல்லாத்தையும் காட்டறேன், வா."

"பையை யார் பார்த்துக்கறது?"

அவர் பைகளைப் பார்த்தார். இத்தனை பைகளோடு வந்திருக்கிறோம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும் போலிருந்தது.

"உக்காருங்க" என்றாள், கிளினிக்கில் சொல்கிற அதே குரலில். அவர் உட்கார்ந்துவிட்டார். ஓரகத்தியின் கைப்பையை அவர் மடியில் வைத்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஒரு ஆளுக்கா?" என்று கேட்டார் டிக்கெட் கொடுப்பவர்.

"ஒரு ஆளுக்குத்தான்."

உள்ளே அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை. சுவரெல்லாம் காரை பெயர்ந்திருந்தது. ராஜாவின் கட்டில் அவள் வீட்டுக் கட்டிலைவிடக் குட்டை. வாசிக்கச் சொல்லி எத்தனையோ பலகைகள் இருந்தன, ஒன்றையும் அவள் வாசிக்கவில்லை. குறுகலான படிகளில் ஏறி மேல்மாடத்துக்குப் போனாள். அங்கே கல்லைக் கண் கண்ணாகக் குடைந்து செய்த ஜன்னல் ஒன்று இருந்தது. ராணிகள் இதன் வழியாகத்தான் முற்றத்தைப் பார்ப்பார்கள், கீழே இருப்பவர்களுக்கு அவர்களைத் தெரியாது என்று வழிகாட்டி ஒருவர் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு நகர்ந்தார். கூட்டமும் நகர்ந்தது. பெரியம்மா ஒரு துளையில் கண்ணை வைத்தாள்.

கீழே, வாசலுக்கு அப்பால் அவளுடைய பெஞ்சு தெரிந்தது. பைகளுக்கு நடுவே பெரியப்பா. பக்கத்திலேயே ஆள் உயரப் பலகை ஒன்று நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வெளியே வந்தாலும் பாதி எழுந்தார். அவள் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். அவள் உயரத்தில் ஒரு பெண் வந்தாள். அவர் முழுக்க எழுந்துவிட்டார், மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்தது. அதை எடுக்காமலே கழுத்தை நீட்டி, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"மூடப் போறோம், கீழே இறங்குங்கம்மா" என்றார் காவலாளி.

"இதோ" என்றாள் பெரியம்மா. நகரவில்லை. அந்த மனிதர் தன்னைத் தேடி அவள் இதுவரை பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கேயே நின்றாள்.