முன்னங்காலுக்கு நான்கு விரல் பின்னால்

கொடுவம்பட்டியில் ஒரு மானை எய்வதற்கு முன்னால், அந்த மான் வேட்டைக்காரன் வீட்டுக்கு வந்து அம்பைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். யாரும் மனமிரங்கிக் கொடுத்த உரிமை அல்ல இது. கரும்பு லாரிகளை மறித்துச் சாலையில் படுத்துக் கிடந்து மான்கள் வாங்கியது. இன்றைய குட்டிகள் வந்து அம்பை முகர்ந்துவிட்டு, எல்லாம் பிறவியிலேயே கிடைத்தது போலத் தலையாட்டிவிட்டுப் போகின்றன.

வேடியப்பன் வீட்டுக்கு அன்று வந்தது அப்படிப்பட்ட மான் அல்ல. கொம்பில் ஒரு கிளை முறிந்த கிழட்டுப் புள்ளிமான். மறியலில் முதல் வரிசையில் படுத்தது. அம்பை வாயில் கவ்வித் தூக்கிப் பார்த்தது.

"லேசா இருக்கே வேடியப்பா. எலும்புல பட்டா அங்கயே நின்னுடும்."

"கனமான முனை வேற வச்சிருக்கேன் அண்ணே. மாத்திடறேன்."

மாற்றி, அம்பின் நடுவை விரல்மேல் வைத்துக் காட்டினான். முன்பக்கம் சாய்ந்தது. மான் காதை அசைத்தது. பிறகு முனையால் அவன் கையிலேயே மயிரை மழித்துக் காட்டச் சொன்னது. மழுமழுவென்று வந்தது.

"நாணுக்குக் கம்பளி நூல் சுத்து. சத்தம் கேட்டா உடம்பு பதறிக் குனிஞ்சிடும். நான் சொன்னாலும் கேக்காது."

வேடியப்பன் மனைவி மாதம்மாள் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூல் கொடுத்தாள். மானின் முன்னால் கடலைக்கொடியைப் போட்டாள்.

"சாப்பிடுங்க மாமா. இவரு கை நடுங்கறதப் பாத்துப் பயந்துக்காதீங்க. தாலி கட்டறப்பவே இப்படித்தான். முதல் முடிச்சையே எங்க நாத்தனாருதான் போட்டாங்க."

"ஆமா, அந்த முடிச்சு இன்னும் அவுறல பாரு" என்றான் வேடியப்பன்.

மான் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவ வயித்துல எய்துட்டாங்க. உடம்பு ரெண்டு நாள் நடந்துச்சு. அம்மா உடம்ப விட்டு எறங்கி, அது பின்னாலயே நடந்தா. தண்ணி குடிக்கும், படுக்கும், மறுபடி எழுந்திரிக்கும். விட்டுட்டு வர அவளுக்கு மனசு வரல." கொடியை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தது. "என்னோட உடம்பு என்னை ரொம்ப தூரம் சுமந்திருக்கு. லாரி முன்னால படுன்னேன், ஏன்னு கேக்காம படுத்துச்சு. அதுக்கு வலிக்கக் கூடாது வேடியப்பா."

"வலிக்காது அண்ணே."

சொல்லிவிட்டு, முனையை மறுபடியும் கல்லில் தீட்ட உட்கார்ந்தான்.

மாதம்மாள் சுண்ணாம்பைக் குழைத்து, முன்னங்காலுக்கு நான்கு விரல் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் பொட்டு வைத்தாள். இரண்டு நுரையீரலுக்கும் வழி அதுதான். ஊரில் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள்.

குறித்த நாளில், வெயில் தாழ்ந்ததும் வேடியப்பன் புளியமரத்துப் பரணில் ஏறி உட்கார்ந்தான். மான் சொன்னபடி வந்து பக்கவாட்டில் நின்றது. அவன் வில்லை வளைத்தான், பொட்டைப் பார்த்தான், வில்லை இறக்கிவிட்டான். அது வாசலில் சமமாக நின்று வைத்த பொட்டு. பரணிலிருந்து போகும் அம்பு சரிவாக இறங்கும். அந்த இடத்தில் நுழைந்தால் ஒரு நுரையீரலோடு அடிநெஞ்சு வழியாக வெளியே போய்விடும். மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு உடம்பு மலையைத் தாண்டி நடக்கும்.

"அண்ணே, பொட்டு தப்பு."

மான் உடம்பை விட்டு இறங்கி, அதை அங்கேயே மேயவிட்டு, ஏணியில் ஏறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. கீழே நிற்கும் தன்னை வெகுநேரம் பார்த்தது.

"முதுகு இவ்வளவு வெளுத்துப் போச்சா?"

"கெழவனுக்கு வெளுக்காம?"

"போடா." மான் கழுத்தை நீட்டியது. "பொட்டைப் பாக்காத. அம்பு எங்க வெளிய வரணும்னு பாரு. அந்தப் பக்கத்து முன்னங்கால் தெரியுதா?"

"தெரியுது. பொட்டுக்கு மேல நுழைஞ்சா அங்க வந்துடும்."

"அப்ப மேல விடு."

வில்லைத் தூக்கினான். கை நடுங்கியது. மான் தன் தாடையை அவன் தோளில் வைத்து அழுத்தியது. நடுக்கம் அந்தப் பாரத்துக்கு அடியில் அடங்கியது.

"இரு. தலையத் தூக்கியிருக்கு. இப்பக் குனியும். காலை ஒரு எட்டு முன்ன வைக்கும், எனக்குத் தெரியும்." உடம்பு அப்படியே செய்தது. "விடு."

நாண் மூச்சுவிட்டது போல ஒலித்தது. அம்பு மறுபக்கம் போய் மண்ணில் குத்தி நின்றது. உடம்பு ஏதோ பூச்சி கடித்தது போலத் துள்ளியது. கொஞ்சதூரம் ஓடி நின்று சுற்றிலும் பார்த்தது. பிறகு கால்களை மடித்துப் படுத்துக்கொண்டது. எழவில்லை.

"தெரியவே இல்ல அதுக்கு" என்றது மான். வேடியப்பன் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

இருவரும் உடம்பை மூங்கிலில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வேட்டைக்குப் போனவர் எல்லோருக்கும் சமபங்கு என்பது ஊர் வழக்கம். மாதம்மாள் மானுக்கும் ஒரு பங்கு பிரித்தாள். கறி வேண்டாம், மார்கழி வருகிறது, தோலைக் கொடுத்தால் போதும் என்றது மான்.

தோல் காய்ந்ததும் அவள் ஊசியில் நூல் கோத்து, அம்பு நுழைந்த துளையைத் தைத்தாள். மறுபக்கத் துளைக்குத் திருப்பினாள்.

"அதை விட்டுடு மாதம்மா. காத்து வரட்டும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மான் தோலை மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திரும்பியது. தோள்பக்கம் தொளதொளவென்றிருந்தது.

"எளைச்சுட்டீங்க மாமா" என்று சொல்லி, வேடியப்பனின் சட்டையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டாள்.